தயாரிப்பு மேலாண்மைப் பயிலுநர் ஜிராவை எங்கிருந்து கற்கத் தொடங்க வேண்டும்?

பாலாறு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில், மருந்துக் கடைகளுக்கான பில்லிங், இருப்புக் கணக்கு மென்பொருளைத் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் தயாரிப்பு மேலாண்மைப் பயிலுநராக அண்மையில் சேர்ந்துள்ளேன். இதற்கு முன் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்ததால், கடைக்காரர்கள் எதைக் கேட்கிறார்கள், பில் போடும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்பதெல்லாம் ஓரளவு தெரியும். அந்தத் தேவையை டெவலப்பர்களிடம் எப்படி ஒப்படைப்பது, ஒப்படைத்த பின் அது எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிப் பின்தொடர்வது என்பதுதான் எனக்குப் புதிது.

வேலைகளைப் பதிவு செய்து பின்தொடர எங்கள் குழு ஜிரா என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறது. எபிக் (பெரிய வேலைத் தொகுப்பு), ஸ்டோரி (பயனரின் ஒரு தேவை), டாஸ்க் (பணி), பக் (பிழை), சப்-டாஸ்க் (உட்பணி) என்று டிக்கெட்டுகளில், அதாவது வேலைப் பதிவுகளில், பல வகைகள் உள்ளன. டிக்கெட்டுகளின் நிலையைக் காட்டும் போர்டில் ஒன்பது நெடுவரிசைகள் இருக்கின்றன. ஒரு டிக்கெட்டைத் திறந்தால் வலப்பக்கத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் திரை முழுவதும் நீள்கின்றன. இனிச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாக்கில் நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகள் தேங்கியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு முன்னுரிமை ‘உயர்வு’ என்றே குறித்திருக்கிறார்கள். அடுத்த காலாண்டு முதல் ஒரு குழுவின் பேக்லாக்கை நானே கவனிக்க வேண்டும் என்று மேலாளர் கூறியுள்ளார்.

இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன திறக்கும் என்பதை அவை தெளிவாகவே சொல்லித் தருகின்றன. ஆனால் காலையில் போர்டைத் திறந்ததும் ஒரு தயாரிப்பு மேலாளர் முதலில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டால் எழுந்து போய்க் கேட்க வேண்டும் என்பதை அவற்றிலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை. சான்றிதழ்த் தேர்வு எழுதினால் இது பிடிபடுமா, அல்லது வேறு வழி இருக்கிறதா? எல்லா டிக்கெட்டும் ‘உயர்வு’ என்று இருக்கும்போது வரிசையை யார், எதை வைத்து முடிவு செய்வது? இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெய்தல்நிலம்

வணக்கம். சான்றிதழ் இப்போதைக்கு வேண்டாம். அது உங்கள் விண்ணப்பத்தில் ஒரு வரியைக் கூட்டுமே தவிர, உங்கள் குழு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய உதவாது. ஜிரா என்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி மாற்றி அமைத்துக்கொள்ளும் மென்பொருள் என்பதால், ஓரிடத்தில் ஒன்பது நெடுவரிசை இருக்கும், இன்னோரிடத்தில் மூன்றே இருக்கும். ஆகவே நீங்கள் கற்க வேண்டியது உங்கள் குழுவின் ஜிராவை.

அதற்கு நான் அறிந்தவற்றுள் நல்ல வழி ஒன்று உண்டு. கடைசியாக வெளியான ரிலீஸில் முடிக்கப்பட்ட டிக்கெட்டுகளில் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியது ஒன்று, சிறியது ஒன்று, அவசரமாக வந்த பக் ஒன்று என்று கலந்து எடுப்பது நல்லது. ஒவ்வொன்றையும் திறந்து, கீழே கருத்துரைகளுக்குப் பக்கத்தில் உள்ள ‘ஹிஸ்டரி’ பகுதிக்குச் செல்லுங்கள். அந்த டிக்கெட்டை யார் எழுதினார், எப்போது எந்த நெடுவரிசைக்கு நகர்ந்தது, யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு மாறியது, விவரம் எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதெல்லாம் தேதியோடும் நேரத்தோடும் அங்கே பதிவாகியிருக்கும். அதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டெவலப்பர் வேலை செய்த நாட்கள் சிலவாகவும், யாராவது ஒருவருடைய பதிலுக்காக டிக்கெட் காத்திருந்த நாட்கள் பலவாகவும் இருக்கும். எங்கே காத்திருந்தது, யாருக்காகக் காத்திருந்தது என்பதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் போர்டைத் திறந்ததும் பார்க்க வேண்டியதும் அதுவே: நேற்றிலிருந்து நகராதது எது, அது ஏன் நகரவில்லை, அதற்குக் காரணமான பதில் என்னிடம் இருக்கிறதா?

ஒன்பது நெடுவரிசைகளைப் பற்றி: ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி, ‘இங்கிருந்து அடுத்ததற்கு டிக்கெட்டை நகர்த்துபவர் யார், என்ன முடிந்த பிறகு நகர்த்துவார்?’ என்று டெவலப்பர் ஒருவரிடமும் டெஸ்டர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் அந்த நெடுவரிசை பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். வெவ்வேறு பதில் வந்தால், குழுவுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது. பயிலுநராக இருக்கும் இக்காலத்தில்தான் இப்படிப்பட்ட கேள்விகளைத் தயக்கமின்றிக் கேட்க முடியும்; ஓராண்டு கழித்துக் கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார்கள்.

இந்த மென்பொருளின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் அமைப்பும் புரியும். சிட்னியைச் சேர்ந்த அட்லாசியன் நிறுவனம் 2002-ல் ஜிராவை வெளியிட்டபோது, அது மென்பொருள் பிழைகளைப் பதிவு செய்து பின்தொடரும் கருவியாகவே இருந்தது. பிழையைத் தெரிவித்தவர், அதைச் சரிசெய்யப் பொறுப்பேற்றவர், எவ்வளவு கடுமையானது, எவ்வாறு தீர்க்கப்பட்டது என்ற அடிப்படைக் கட்டங்கள் அந்தக் காலத்திலிருந்தே வருபவை. ஸ்பிரின்ட் (சில வாரங்களுக்கெனத் திட்டமிடும் வேலைச் சுற்று), பேக்லாக், எபிக் ஆகியவை பின்னர் அதன் மேல் சேர்க்கப்பட்டவை. உங்களைக் குழப்பும் ‘முன்னுரிமை’ என்ற கட்டமும் பிழைகளுக்காக அமைந்ததுதான். ஒரு பிழை கடையின் பில்லிங்கையே நிறுத்திவிடுகிறதா, அல்லது ஓர் எழுத்துப்பிழையா என்று வேறுபடுத்த அது போதும். இருநூறு ஸ்டோரிகளை வரிசைப்படுத்த அது போதாது.

வரிசை என்பது வேறு. பேக்லாக் பக்கத்தில் ஒரு டிக்கெட்டைப் பிடித்து மேலே இழுத்து வைத்தால், அந்த இடத்தை ஜிரா ‘ரேங்க்’ என்று தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. முன்னுரிமைக் கட்டத்தில் எந்த மாற்றமும் ஏற்படாது. ‘உயர்வு’ என்று நூறு டிக்கெட்டுகளுக்குக் குறிக்கலாம், ஆனால் முதலிடத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். வேலையை ஸ்பிரின்ட்டுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்கிரம் முறையில் அந்த வரிசைக்குப் பொறுப்பானவர் ப்ராடக்ட் ஓனர். உங்கள் நிறுவனத்தில் அது உங்கள் மேலாளராகவோ, விரைவில் நீங்களாகவோ இருக்கும். பேக்லாக் முழுவதையும் வரிசைப்படுத்த முயல வேண்டாம். அடுத்த இரண்டு ஸ்பிரின்ட்டுக்குப் போதுமான அளவு, மேலே உள்ள பகுதியை மட்டும் ஒழுங்காக வைத்து, ஒவ்வொன்றும் ஏன் அதற்குக் கீழே உள்ளதைவிட முந்தி வர வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாத இடத்தில் மேலாளரிடமோ விற்பனைப் பிரிவினரிடமோ கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது.

குறிஞ்சிமலர்

நான் டெஸ்டிங் பிரிவில் இருப்பவன். டிக்கெட்டைப் பெற்றுக்கொள்பவர்களின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பயிலுநர் ஜிராவில் எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும், ஒரு டிக்கெட்டை நன்றாக எழுதக் கற்றுக்கொண்டால் குழுவின் மதிப்பைப் பெற்றுவிடுவார் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் துறையிலிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். ‘எச்1 பதிவேடு வசதி வேண்டும்’ என்று ஒரு வரியில் டிக்கெட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் எச்1 அட்டவணையில் உள்ள மருந்துகளை விற்கும்போது, மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வாடிக்கையாளர் சேவையில் இருந்த உங்களுக்கு இது தெரிந்திருக்கும். டெவலப்பருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் பில்லில் ஒரு டிக் பெட்டியை வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நகர்த்திவிடுவார்; அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதே டிக்கெட்டின் விவரப் பகுதியில் யாருக்காக, எதற்காக இந்த வசதி என்பதை இரண்டு வரியில் எழுதிவிட்டு, அதன் கீழே ஏற்பு நிபந்தனைகளைச் சேர்த்துப் பாருங்கள். எச்1 மருந்து ஒன்றை பில்லில் சேர்த்ததும் மருத்துவர், நோயாளி விவரங்களைக் கேட்க வேண்டும். அவற்றை நிரப்பாமல் பில்லை முடிக்க இயலக் கூடாது. ஒரே பில்லில் எச்1 மருந்து இரண்டு இருந்தால் விவரத்தை ஒருமுறை கேட்டால் போதும். ஆய்வாளர் வரும்போது குறிப்பிட்ட தேதி வரம்புக்கான பதிவேட்டை அச்சிட இயல வேண்டும். பில் ரத்தானால் பதிவேட்டில் அது ரத்து என்று தெரிய வேண்டும், வரியே மறைந்துபோகக் கூடாது. இவ்வளவு இருந்தால் டெவலப்பர் எதைச் செய்வது என்று அறிவார், நான் எதைச் சோதிப்பது என்று அறிவேன், முடிந்ததா இல்லையா என்பதில் மூவருக்கும் சண்டை வராது.

‘இன்னாராகிய நான், இன்ன பயனுக்காக, இன்னதைச் செய்ய விரும்புகிறேன்’ என்ற வார்ப்பு வாக்கியத்தை எல்லா டிக்கெட்டிலும் இயந்திரம் போல நிரப்புவதை மட்டும் தவிருங்கள். ஸ்டோரி என்பது பேச்சைத் தொடங்கி வைக்கும் குறிப்பு. அந்தப் பேச்சு நடக்காமல் வார்ப்பு மட்டும் நிரம்பியிருந்தால் பயனில்லை. அதேபோல, பேச்சில் எடுத்த முடிவைக் கருத்துரையில் மட்டும் விட்டுவிடாமல் விவரப் பகுதியையும் திருத்துங்கள். முப்பது கருத்துரைகளைப் படித்து எது கடைசி முடிவு என்று கண்டுபிடிப்பதில் எங்கள் அரைநாள் போய்விடுகிறது. வேலை தொடங்கிய பிறகு விவரத்தை மாற்ற நேர்ந்தால், மாற்றியதை உரியவரைக் குறிப்பிட்டு ஒரு கருத்துரையாகவும் சொல்லிவிடுங்கள். சத்தமில்லாமல் மாறிய நிபந்தனையைப் போலக் குழுவின் நம்பிக்கையைக் குலைப்பது வேறில்லை.

ஆலமரத்தடி

முதல் பதிலுடன் பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். உண்மையான போர்டைப் படித்தால் மட்டும் போதாது, கை வைத்துப் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும். அலுவலக ஜிராவில் அது முடியாது. தெரியாமல் ஒரு ஸ்பிரின்ட்டை முடித்து வைத்துவிட்டால் எல்லோருக்கும் சங்கடம். ஜிராவின் இலவசத் திட்டத்தில் பத்துப் பேர் வரை பயன்படுத்தலாம். சொந்தக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வீட்டு வேலையையோ கற்பனையான ஒரு செயலியையோ திட்டமாக வைத்து, ஸ்பிரின்ட்டைத் தொடங்கி, பாதியில் டிக்கெட் சேர்த்து, நெடுவரிசையை நீக்கி, என்ன ஆகிறது என்று பாருங்கள். தொடங்கும்போது குழுவே நிர்வகிக்கும் வகையா, நிறுவனம் நிர்வகிக்கும் வகையா என்று கேட்கும். முதல் வகையில், டிக்கெட் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகரும் வழியான ஒர்க்ஃப்ளோவைக் குழுவினரே மாற்றலாம். இரண்டாவதில் நிர்வாகி மாற்ற வேண்டும், அந்த மாற்றம் அதே அமைப்பைப் பகிர்ந்துகொள்ளும் மற்றத் திட்டங்களையும் பாதிக்கலாம். உங்கள் அலுவலகத்தில் எது என்பதைத் தெரிந்துகொண்டால், ‘இந்த ஒரு நெடுவரிசையை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்’ என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். பழைய வழிகாட்டிகளில் ‘இஷ்யூ’ என்று இருப்பது இப்போதைய திரையில் ‘ஒர்க் ஐட்டம்’ என்று இருக்கும், இரண்டும் ஒன்றே.

நான் இங்கே எழுத வந்த காரணம் அறிக்கைகள். ஒரு பயிலுநரிடம் மேலாளர்கள் முதலில் கேட்பது, ‘அந்த பர்ன்டவுன் படத்தை எடுத்து அனுப்புங்கள்’ என்பதுதான். ஸ்பிரின்ட்டில் மீதமுள்ள வேலை நாளுக்கு நாள் எப்படிக் குறைகிறது என்பதைக் காட்டும் கோட்டுப்படம் அது. அந்தப் படம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அறியாமல் அனுப்பினால் தவறான செய்தியை அனுப்பியவர் ஆவீர்கள். போர்டின் வலது ஓரத்தில் உள்ள கடைசி நெடுவரிசைக்கு வந்தால்தான் ஒரு டிக்கெட் முடிந்ததாக ஸ்பிரின்ட் அறிக்கைகள் கொள்ளும். உங்கள் ஒன்பது நெடுவரிசைகளில் கடைசியாக இருப்பது ‘வாடிக்கையாளருக்கு வெளியிடப்பட்டது’ என்றால், டெவலப்பர்கள் எல்லாவற்றையும் முடித்து டெஸ்டிங்கும் கடந்திருந்தாலும் கோடு இறங்காமல் மட்டமாகவே கிடக்கும். ரிலீஸ் நாளில் செங்குத்தாக விழும். குழு சோம்பியிருந்தது என்று மேலிடம் முடிவு செய்துவிடும். சப்-டாஸ்க்குகளில் போட்ட ஸ்டோரி பாயிண்ட்டுகளை (வேலையின் அளவுக்குத் தரும் மதிப்பெண்), ஒரு ஸ்பிரின்ட்டில் எத்தனை பாயிண்ட் முடிகிறது என்ற வேகக் கணக்கு எடுத்துக்கொள்ளாது என்பதும், ஸ்பிரின்ட் தொடங்கிய பின் சேர்க்கப்பட்ட டிக்கெட்டுகள் அறிக்கையில் நட்சத்திரக் குறியோடு வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியவை. அந்த நட்சத்திரங்கள் ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் நிறைய இருந்தால், திட்டமிடலை எங்கிருந்தோ யாரோ மீறிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் தயாரிப்புப் பிரிவில்தான் இருப்பார்.

இன்னொன்று, ‘ரெசல்யூஷன்’ என்ற கட்டம். நிறுவனம் நிர்வகிக்கும் திட்டங்களில் ஒரு டிக்கெட்டை முடிந்த நெடுவரிசைக்கு நகர்த்துவது வேறு, அது தீர்க்கப்பட்டதாகக் குறிப்பது வேறு. ஒர்க்ஃப்ளோவில் அதற்கான ஏற்பாட்டை நிர்வாகி செய்யாவிட்டால், முடிந்த டிக்கெட்டும் தீர்க்கப்படாதது என்றே கணக்கில் நிற்கும். டேஷ்போர்டில் உள்ள எண்ணும் போர்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

ஸ்டோரி பாயிண்ட்டுகளின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்க வேண்டாம். 2020-ல் வெளியான ஸ்கிரம் வழிகாட்டியில் ஸ்டோரி பாயிண்ட் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது குழுக்கள் தங்கள் வசதிக்காகக் கைக்கொண்ட மதிப்பீட்டு முறை. ஒரு குழுவின் 30 பாயிண்ட்டை இன்னொரு குழுவின் 45-உடன் ஒப்பிடுவது அர்த்தமற்றது. எப்போது முடியும் என்று விற்பனைப் பிரிவு கேட்டால் எளிய கணக்கு ஒன்று கைகொடுக்கும். வரிசைக் கோட்பாட்டில் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதியின்படி, கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் சராசரியாக முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது கிடைக்கும். போர்டில் 12 டிக்கெட்டுகள் நடந்துகொண்டிருக்கின்றன, வாரம் 3 முடிகின்றன என்றால், புதிதாக எடுக்கும் டிக்கெட்டுக்கு ஏறத்தாழ 4 வாரம். கையில் இருப்பதை 6 ஆகக் குறைத்து, வாரம் 3 முடிவது தொடர்ந்தால், 2 வாரம். ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலையைக் குறைக்கும்படி டெவலப்பர்கள் ஏன் மன்றாடுகிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஜிராவின் போர்டு அமைப்பில் ஒரு நெடுவரிசைக்கு உச்சவரம்பு வைக்கலாம். வரம்பு மீறினால் அந்த நெடுவரிசை சிவப்பாக மாறும். ஆனால் மேலும் ஒரு டிக்கெட்டை அங்கே போடுவதை அது தடுக்காது. தடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பாலாறு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹிஸ்டரி பகுதியைப் பார்த்து ஐந்தாறு டிக்கெட்டுகளைத் தாளில் எழுதினேன். காலாவதி நெருங்கும் மருந்துகளை விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்பும் வசதிக்கான டிக்கெட், ‘தெளிவு தேவை’ என்ற நெடுவரிசைக்கு மூன்று முறை திரும்பிப் போயிருக்கிறது. பேட்ச் வாரியாகத் திருப்பி அனுப்புவதா, மருந்து வாரியாகவா என்ற ஒரே கேள்விக்குத் தயாரிப்புப் பிரிவிலிருந்து பதில் வரத் தாமதமானதே காரணம். சேவைப் பிரிவில் இருந்த எவரும் உடனே சொல்லியிருக்கக்கூடிய பதில் அது: காலாவதித் தேதி பேட்சுக்குப் பேட்ச் மாறும் என்பதால் பேட்ச் வாரியாகத்தான் திருப்பி அனுப்ப முடியும். இனி ‘தெளிவு தேவை’ நெடுவரிசையைக் காலையில் முதலில் பார்ப்பது என்று முடிவு செய்து, மேலாளரிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி உள்ளது. பேக்லாக்கின் அடியில், எழுதியவர்களே வேலையை விட்டுச் சென்றுவிட்ட பழைய டிக்கெட்டுகள் நிறைய இருக்கின்றன. அவற்றை நீக்கிவிடலாமா?

நெய்தல்நிலம்

நீக்க வேண்டாம். நீக்கினால் அதிலுள்ள கருத்துரைகள், இணைத்த கோப்புகள், சப்-டாஸ்க்குகள் எல்லாம் சேர்ந்தே போய்விடும். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏன் மறுத்தோம் என்ற காரணம் அந்தக் கருத்துரைகளில்தான் இருக்கும். மாறாக, ஆறு மாதமாக எவரும் தொடாத, இன்னும் திறந்திருக்கும் டிக்கெட்டுகளை மட்டும் காட்டும் ஃபில்டர் ஒன்றை உருவாக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை டெவலப்பர் ஒருவரோடும் சேவைப் பிரிவினர் ஒருவரோடும் உட்கார்ந்து பாருங்கள். ‘இது இன்றைக்கு யாருக்காவது வலிக்கிறதா?’ என்பது ஒன்றே கேள்வியாக இருக்கட்டும். வலிப்பவற்றை இன்றைய நிலைக்கேற்ப மீண்டும் எழுதி மேலே கொண்டு வாருங்கள். மற்றவற்றை ‘செய்யப்போவதில்லை’ என்ற தீர்வுடன், காரணத்தை ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள்; தேவைப்பட்டால் மீண்டும் திறந்துகொள்ளலாம்.

மொத்தமாக மாற்றும் வசதியைப் பயன்படுத்தும்போது, மின்னஞ்சல் அனுப்பவா என்று கேட்கும் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிட மறக்காதீர்கள். இல்லையெனில் அந்த டிக்கெட்டுகளைக் கவனித்து வரும் ஒவ்வொருவருக்கும் ஒரே பிற்பகலில் நூற்றுக்கணக்கான அஞ்சல்கள் போகும். அந்த வசதியைப் பயன்படுத்தும் அனுமதி பயிலுநர் கணக்குக்கு இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் பட்டியலைத் தயார் செய்து நிர்வாகியிடம் கொடுங்கள், மூடுவதற்கு முதல் நாளே குழுவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.